தோற்றவன் எழுதும் பெயர்

அந்தச் சுவரில் பதினாறு தாள்கள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக, மைதாப் பசை தடவி ஒட்டியவை. விரலால் தட்டினால் சுவரின் சத்தம் வராது. மெத்தையைத் தட்டியது போல மந்தமாக ஏதோ ஒன்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெரிகிற தாளில், கடைசிக் கட்டத்தில், ஒரு தப்பான பேர் இருக்கிறது. என் கையெழுத்து.

குன்னூருக்குக் கீழே எஸ்டேட் ஆட்களின் லைனில் அண்ணனின் ஊடு. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. மேற்குச் சுவர் மண்மேட்டை ஒட்டியது. மழைக்காலம் முழுக்க ஈரத்தைக் குடித்து வைத்திருந்து, பனிக்காலத்தில் அதை மூச்சாக விடும். அண்ணன் தேயிலை ஃபாக்டரியில், இலை உலர்த்துகிற டிரையரில் நின்றவர். தூள் அடைக்கிற பேப்பர் சாக்கு கிழிந்துபோனால் ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பிரித்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினால் குளிர் கொஞ்சம் மட்டுப்படும். லைனில் எல்லா ஊட்டிலும் மார்கழி தையில் ஒரு தாள் ஏறும். மற்றவர்கள் அதன் மேல் சாமி காலண்டர் மாட்டினார்கள். அண்ணன், ஆஸ்திரேலியாவில் நடக்கிற டென்னிஸ் போட்டியின் அட்டவணையை வரைந்தார்.

நூற்று இருபத்தெட்டுப் பேர். அத்தனையும் தமிழில், வாயில் நுழையாத பேர்கள், நுணுக்கி நுணுக்கி. இரண்டு பேருக்கு ஒரு கோடு, அதில் ஜெயித்தவனுக்கு அடுத்த கோடு, இப்படியே ஒடுங்கி ஒடுங்கி, ஓடைகள் சேர்ந்து ஒரு ஆறாகிற மாதிரி, வலது ஓரத்தில் ஒரே ஒரு கட்டம். பெண்கள் சாம்பியனுக்கு மூலையில் தனியாக ஒரு சின்னக் கட்டம்; அது அண்ணியின் இலாகா.

டென்னிஸ் அவருக்கு எப்படித் தொற்றியது என்றால், ரோலரால். சனிக்கிழமைகளில் துரைமார் கிளப்பின் மைதானத்தைச் சமன்செய்ய ஃபாக்டரியிலிருந்து இரண்டு ஆள் அனுப்புவார்கள். ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு, வேலியோரம் நின்று பார்த்துப் பழகியது. ஒரு நாளும் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் பந்து கோட்டில் பட்டதா, வெளியே போனதா என்று சண்டை வந்தால் அவர் பக்கம்தான் திரும்புவார்களாம்.

"நாம்போட்ட கோடு, எனக்குத் தெரியாதா" என்பார்.

உலகத்தில் பெரிய போட்டி நான்கு. மற்ற மூன்றும் நமக்குச் சாயங்காலத்துக்கு மேல் முற்றுகிறவை. கொழுந்து வரத்து இருக்கிற மாதங்கள், டிரையரை விட்டு நகர முடியாது. ஆஸ்திரேலியா மட்டும் ஜனவரி. அங்கே பொழுது சாய்ந்து ஆடுவது நமக்கு மத்தியானம். பனியில் கொழுந்து கருகி, ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். அதனால் எங்கள் வருஷத்தில் ஒரே ஒரு திருவிழா. நான் ஊட்டியில் வாடகை அறையில் தனியாகக் கிடப்பவன். பைக்காராவில் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை. இறுதி ஆட்டத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எப்படியாவது லீவு போட்டுவிடுவேன். நாலு செவுத்துக்குள் நாலு நாள் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத எனக்கு, அந்த ஒரு மத்தியானம் உட்காரக் கற்றுக்கொடுத்தது அந்தச் சுவர்தான்.

எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. போட்டி தொடங்கும்முன் ஆளுக்கு ஒருவரைச் சொல்லவேண்டும். காசு கிடையாது. கடைசிக் கட்டத்தில் சாம்பியன் பேரைப் பேனாவால் எழுதவேண்டியவன், சொன்னது பலிக்காதவன். ஜெயித்தவன் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு பேருமே கோட்டைவிட்ட வருஷத்தில் அண்ணி எழுதுவார். அதற்கென்று முகம் கழுவி, பொட்டு வைத்து, எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டே வருவார்.

"ரெண்டு ஆம்பளைங்களும் தோத்துட்டீங்களா? செரி, பேனாவக் குடுங்க."

இன்னொரு விதியும் இருந்தது. எழுதினது தப்பானால், எழுதினவன்தான் அடிக்கவேண்டும். அடுத்தவன் எழுத்தின் மேல் கோடு போடக்கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, "கோடு போடறது லேசுப்பட்ட காரியமில்லடா" என்றார் அண்ணன். அவ்வளவுதான் விளக்கம்.

நான் சொல்ல வந்த வருஷத்தில், ஒன்பது முறை அந்தப் போட்டியை ஜெயித்த ஆளின் பேரை அண்ணன் முதல் வரியில் எழுதியிருந்தார். அவருடைய பந்தயமும் அந்த ஆள்மேல்தான். கொரோனா ஊசி போட்டுக்கொள்ளாததால் அந்த மனிதரை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் எழுந்து, அவரே எழுதின பேரை, அவரே ஒரு கோட்டில் அடித்தார். அண்ணி அடுப்படியிலிருந்து சொன்னார்:

"அவரும் உங்களாட்டந்தான் போலிருக்குதுங்க. ஊசின்னா நாட்ட உட்டே ஓடுவாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. அந்தச் சமயம் அவர் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. கோயமுத்தூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஜனவரி முடிவதற்குள் ஆபரேஷனுக்கு வந்து படுத்துவிடச் சொல்லியிருந்தார். அண்ணன் பொங்கல் கழியட்டும் என்றார். பிறகு ஆட்டம் கழியட்டும் என்றார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. காலையில் லைன் வாசலில் புல் வெள்ளையாக இருந்தது; மிதித்தால் நொறுங்கும் பனி. சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் வெயில் வந்தும் வராமலும் நின்றது. நான் போய்ச் சேர்ந்ததும் அண்ணி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"கொழுந்தனாரே, இன்னைக்கு நீங்கதான் கேக்கோணும். நாங் கேட்டா அடுப்பப் பாத்துட்டு உக்காந்துக்கறாரு. அந்த மொகத்தப் பாத்து எனக்கு ரெண்டாவது தடவ கேக்க முடியலீங்க."

"கேக்கறேன் அண்ணி."

"கேட்டுப் பதில வாங்கிட்டுப் போங்க. கேட்டுட்டு மட்டும் போயிராதீங்க."

அண்ணி என்னைச் சரியாகத்தான் எடைபோட்டு வைத்திருந்தார்.

பந்தயத்தில் நான் சொல்லியிருந்தது இடதுகைக்காரரை. காலில் அடிபட்டு மாசக்கணக்கில் ஆடாமல் கிடந்து வந்தவர். தண்ணீர் பாட்டில் இரண்டையும் கோடு பிடித்தது போல வரிசையாக வைக்கிறவர். அதற்காகவே அண்ணிக்கு அவரைப் பிடிக்கும். "அந்த ஒழுங்கு இந்த ஊட்ல யாருக்கு இருக்குது" என்பார். அண்ணன், முதல் ஆள் போனபிறகு, நெட்டையான ருஷ்யக்காரரைச் சொல்லியிருந்தார். மூலைக்கட்டம் முந்தின நாளே நிரம்பிவிட்டது: பெண்களில் ஆஸ்திரேலியாக்காரியே ஜெயித்திருந்தாள். அவள் பேரை அண்ணி எழுதிவிட்டு, "சொந்த ஊர்ல ஜெயிச்சாப் போதும், வேற எங்கீங்க ஜெயிக்கோணும்" என்றாராம்.

ஆட்டம் தொடங்கியது. முதல் செட்டில் இடதுகைக்காரர் இரண்டே கேம். இரண்டாவதில் முன்னால் போய், கையில் வந்ததை நழுவவிட்டு, டைபிரேக்கில் தோற்றார். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்; பழைய சாம்பியன்கள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால். இளைத்திருந்தார். கம்பளிக்குள் ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டிவியைப் பார்த்தேன்.

இரண்டாவது செட் முடிந்த இடைவெளியில் கேட்டேன். "அண்ணா, ஆஸ்பத்திரி விஷயம் என்னன்னு முடிவு பண்ணிருக்கீங்க?"

"ஆட்டம் முடியட்டும்."

"அப்படியே தள்ளிட்டே போனா எப்படிண்ணா?"

"தள்ளல. ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்." என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வையில் விளையாட்டு இல்லை.

மூன்றாவது செட். இரண்டுக்கு மூன்று. இடதுகைக்காரரின் சர்வீஸில் பூஜ்யம்-நாற்பது. ஒரு பாயிண்ட் போனால் சர்வீஸும் போகும், பிறகு மிச்சம் இருப்பது சம்பிரதாயம். டிவிக்காரர்கள் அவர் ஜெயிக்க நூற்றுக்கு இத்தனைதான் வாய்ப்பு என்று ஏதோ ஒரு சின்ன எண்ணைக் காட்டினார்கள். எஸ்டேட் பஸ் ஐந்து மணிக்கு. மறுநாள் காலையில் எனக்கு டூட்டி. நான் எழுந்தேன். டிவிக்கு மேல் டப்பாவில் இருந்த பேனாவை எடுத்தேன். ஓரக் கட்டத்தில் ருஷ்யக்காரரின் பேரை எழுதினேன்.

"டேய், இன்னும் முடியல" என்றார் அண்ணன்.

"எங்கண்ணா முடியல? ரெண்டு செட்டு போச்சு. இதும் போச்சு."

"முடியல."

"நாந்தான் தோத்தேன், எழுதிட்டேன். ஜெயிச்சவரு நிம்மதியா உக்காந்து பாருங்க. பஸ்ஸு போயிரும்."

"இரு. டீ போடச் சொல்றேன்."

என் அண்ணன் வாழ்க்கையில் என்னை இரு என்று சொன்னது அந்த ஒரு தடவை. அண்ணி அடுப்படி நிலையில் நின்றிருந்தார். கையில் பால் பாத்திரம். என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

பஸ்ஸுக்காகத்தான் போனேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன். சரி என்றால் கையெழுத்துப் போட்டு, அந்த மருந்து வாடையில் ராவும் பகலும் பெஞ்சில் உட்காரவேண்டியவன் நான். உட்காரத் தெரியாதவன்.

ஊட்டி போய்ச் சேர்ந்து அறைக்கதவின் பூட்டைத் திறக்கும்போது போன் அடித்தது. அண்ணி நம்பர். பேசினது அண்ணன்.

"டேய், உன் ஆளு ஜெயிச்சுட்டான்."

"யாரு?"

"பாட்டில் அடுக்கறவன். பூஜ்யம்-நாப்பதுல இருந்து எந்திரிச்சான். மூணு செட்டும் அவனே. அஞ்சு மணி நேரத்துக்கு மேலடா, கடசியில ஜெயிக்கப்போறோம்னு நெனச்சு ஒருக்கா தடுமாறுனான், மறுபடி புடிச்சுக்கிட்டான்." மூச்சு வாங்கியது. பந்தயத்தில் தோற்ற மனிதர், தோற்றதை அப்படி ஒரு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீ எழுதினத வந்து அடி. அப்பறம் நான் எழுதறேன்."

"நீங்களே அடிச்சு எழுதிருங்கண்ணா."

"எழுதினவன்தான் அடிக்கோணும். ஞாயித்துக்கெழம வா."

"வர்றேண்ணா."

எனக்கு உள்ளே கடுகடுவென்று இருந்தது. நான் சொன்ன ஆள் ஜெயித்ததை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில், கொண்டைஊசி வளைவுகளில், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். அந்தக் கடுப்பில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன். அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு படகுத்துறையில் கூட்டம் என்று போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சளி. மூன்றாவது ஞாயிறு ஏன் போகவில்லை என்று நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மழை இல்லை, வேலை இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு காரணம்கூட இல்லாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ நடந்து தீர்த்திருக்கிறேன். இடையில் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் அதே பேச்சு. "வந்து அடிச்சுட்டுப் போ." வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் ஒரு கோடு, அதற்கு இத்தனை அவசரமா என்று.

நான்காவது வாரம் வியாழக்கிழமை ரத்தமாக வாந்தி எடுத்தார். குன்னூரில் நான் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். பர்லியார் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஸ்ட்ரெச்சரில் சரிந்து வந்து என் முழங்காலில் பட்டது. காற்று வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது, பலாப்பழ வாசம். கண்ணைத் திறந்தார்.

"அடிச்சியாடா?"

எனக்கு ஒரு நொடிதான் இருந்தது.

"அடிச்சுட்டேண்ணா."

"செரி. அப்ப நான் வந்து எழுதறேன்."

பதினோரு நாள் கழித்து வெள்ளைத் துணியில் சுற்றி அதே வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அதற்கு முந்தின நாள் டாக்டரிடம் கேட்டேன், ஒரு மாசம் முன்னாலேயே கூட்டிவந்திருந்தால் என்று. அவர் என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். "இப்ப அத கேட்டு என்னங்க பண்ணப்போறீங்க" என்றார். நல்ல மனிதர்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ சொல்கிற மாதிரி.

"அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் போலாம்னுட்டாருங்க. 'ரெண்டு செட்டு போன பொறவும் ஒருத்தன் ஆடறானே புள்ள, நான் ஒரு கத்திக்குப் பயந்துட்டு உக்காந்திருக்கறேன்'னாரு. தம்பி வந்து அத அடிக்கட்டும், நான் பேர எழுதிப்போட்டு, அன்னைக்கே அவங்கூடயே கோயமுத்தூர் போயர்றேன்னாரு. பொட்டிகூட கட்டி வெச்சிருந்தோம்."

"எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. 'ஆஸ்பத்திரின்னு சொன்னா பயந்துக்குவான். டென்னிஸுன்னா வந்துருவான்'னாரு."

நான் சுவரைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்த ஊட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன். புதுத் தாள் ஏறவில்லை. அண்ணியும் அடிக்கச் சொல்லவில்லை. ஊட்டைக் கூட்டுவார், டிவியைத் துடைப்பார், அந்தத் தாளின் ஓரம் பிரிந்து தொங்கினால் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிடுவார்.

ஆட்டங்கள் மட்டும் நிற்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர் மறுவருஷமே வந்து பத்தாவது தடவை ஜெயித்தார். அதற்கடுத்த வருஷம் அதே ருஷ்யக்காரர் அதே மைதானத்தில், மறுபடியும் இரண்டு செட் முன்னால் இருந்துவிட்டு, ஒரு இளம் ஆளிடம் தோற்றார். அன்றைக்கு நான் ஊட்டியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். முதல் இரண்டு செட் முடிந்ததும் கடைக்காரர் சேனலை மாற்றப் போனார். "ஏனுங்க, இன்னும் முடியலீங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கடைசிப் பந்து வரை நின்றேன். நின்று யாருக்கு என்ன. இடதுகைக்காரர் அந்த வருஷமே ஆட்டத்தை விட்டு ஓய்ந்தார்.

இந்தத் தை மாதம் அண்ணி ரிட்டயர் ஆனார். இத்தனை வருஷம் அவர் கொழுந்து கிள்ளியதால்தான் ஊடு அவர் பேரில் நின்றது; இனி எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் ஊட்டுக்குப் போகிறார். சாமான் ஏற்ற நான் போயிருந்தேன். கட்டில், அடுப்பு, டிவி, இரண்டு மூட்டை பாத்திரம். எல்லாம் வெளியே போனபிறகு அறை சின்னதாகிவிட்டது. சுவர் மட்டும் பெரிதாக நின்றது. இனி அதற்கு முதுகைக் காட்ட அந்த அறையில் இடம் இல்லை.

கிட்டே போனேன். அண்ணனின் சின்னச் சின்ன எழுத்துக்கள் ஈரத்தில் ஊதிப்போயிருந்தன. மேல் வரியில் அவர் அடித்த கோடு. கோடுகள் ஒடுங்கி ஒடுங்கி வந்து, என் கிறுக்கலில் முடிந்தன. அவசரமாக எழுதினது என்று யாருக்கும் தெரியும். கட்டத்துக்குள் நிற்காமல் வெளியே ஓடியிருந்தது.

"பிச்சு எடுத்துக்கறீங்களா?" என்றார் அண்ணி, பின்னாலிருந்து.

"வராது அண்ணி. பதினாறும் சேர்ந்து கல்லாட்டம் ஆயிருச்சு."

"அப்ப கெடக்கட்டும். அடுத்து வர்றவங்க மேல ஒட்டிக்குவாங்க." என் பக்கத்தில் வந்து நின்றார். "அடிச்சிருங்க."

பேனா டப்பாவைக் காலையிலேயே மூட்டையில் கட்டியாயிற்று. என் சட்டைப் பையில் டிக்கெட் கவுண்டர் பேனா இருந்தது. அடித்தேன். ஒரே கோடு. அண்ணன் கோடு மாதிரி நேராக வரவில்லை. நடுவில் தாள் குழைந்து கொஞ்சம் இறங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடியாதது அது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அதற்கு மேல் எழுதவேண்டியது அண்ணன். தோற்றவர் அவர்தான். வந்து எழுதுகிறேன் என்று சொன்னவரும் அவர்தான். அவர் எழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் நான் எழுதக்கூடாது. பேனாவை மூடப்போனேன்.

"இருங்க" என்றார் அண்ணி.

வெளியே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தார். பொட்டு வைக்கவில்லை. இளிக்கவும் இல்லை.

"ரெண்டு பேருமே தோத்துட்டீங்க" என்றார். "பேனாவக் குடுங்க."

கொடுத்தேன். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தான். அண்ணி திரும்பிப் பார்க்காமல் தாளில் இடது கையை ஊன்றிக்கொண்டு, பாட்டில் அடுக்குகிறவர் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.